கணக்குப்பிள்ளை பதில்கள்: அடைமொழியை அடித்துவிட்டுப் படியுங்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். சுரண்டல், சிறப்புரிமை, அடையாளம், பாதுகாப்பான வெளி, அதிகாரப் படிநிலை என்று இளைஞர்கள் பேசும் மொழி அலுவலகத்துக்குள்ளும் சங்கத்துக்குள்ளும் தொண்டு நிறுவனத்துக்குள்ளும் வந்தபின் அங்கே என்ன நடக்கிறது? பெரியவர்கள் புண்பட்டு எழுதியிருக்கிறார்கள், சின்னவர்கள் கோபத்தோடு எழுதியிருக்கிறார்கள். மதுரைப் பக்கத்துத் தொண்டு நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் கணக்கு எழுதியே தலை நரைத்தவள் நான். சித்தாந்தம் எனக்கு அரைகுறை. வவுச்சர் என்றால் முழுசாகச் சொல்வேன். அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

*

அக்கா, ஒட்டன்சத்திரம் பக்கம் பெண்களுக்கான தொண்டு நிறுவனம் நடத்துகிறோம். நான் செயலாளர். படிப்பு முடித்து வேலைக்கு வந்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து நாலு பக்கக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். ‘நச்சுச் சூழல்’, ‘ஆதிக்க மனநிலை’, ‘உணர்வுச் சுரண்டல்’ என்றெல்லாம் இருக்கிறது. பஸ் போகாத ஊருக்கெல்லாம் சைக்கிளில் போனவள் நான். என்னைப் போய் ஒடுக்குகிறவள் என்கிறார்கள். தூக்கம் வரவில்லை. என்ன பதில் எழுதுவது? (நகல் இணைத்துள்ளேன்.)
— பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

முதலில், இன்று ராத்திரி எதுவும் எழுதாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய நகலை எடுத்து வைத்துக்கொண்டு, பென்சிலால் அடைமொழிகளை எல்லாம் அடித்துப் பார்த்தேன். முதல் பக்கம் அநேகமாகக் காலி. மூன்றாம் பக்கத்தில்தான் சரக்கு இருக்கிறது. 11 மாத ஒப்பந்தம், பிறகு ஒரு இடைவெளி, மறுபடி 11 மாதம். பெட்ரோல் படி பல வருடமாக ஒரே தொகை. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வைத்தால் ஈடுகட்டும் விடுப்பு கிடையாது. ஒருவர் பெண் பணியாளர்களை ‘வாடி போடி’ என்று கூப்பிடுகிறார். அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. இவ்வளவுதான் அந்த நாலு பக்கமும்.

பெட்ரோல் காசை முதல் பக்கத்திலேயே கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கேட்டிருப்பார்கள். அப்போது ‘சேவை மனப்பான்மை இல்லாத தலைமுறை’ என்று யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். நம் தொண்டு நிறுவனங்களில் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது ஏதோ கெட்ட வார்த்தை பேசுவது போலத்தானே இருக்கிறது? சின்ன வார்த்தையில் கேட்டால் வாயை அடைத்துவிடுகிறார்கள் என்று கண்டவர்கள், யாரும் தட்டிவிட முடியாத பெரிய வார்த்தையாகத் தேடுகிறார்கள். அந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்ததும் நாம்தான். ‘அதிகாரமும் பாலினமும்’ என்று மூன்று நாள் பயிற்சி நடத்தினால், நாலாம் நாள் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அலுவலகத்தைப் பார்க்கத்தான் செய்வார்கள்.

இப்போது பணம். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினார்களே, அது உங்களுக்குத் தெரியும். நிர்வாகச் செலவுக்கு முன்பு பாதிவரை போகலாம், இப்போது 20 சதவீதம்தான். ஒரு நிறுவனம் வாங்கிய நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் நின்றுபோனது. பெரிய நிறுவனத்தின் நிழலில் ஓடிக்கொண்டிருந்த சின்ன அமைப்புகள் அப்படியே உட்கார்ந்துவிட்டன. உங்கள் 11 மாத ஒப்பந்தத்துக்கும் திட்ட நிதி ஆண்டுக்கு ஆண்டு வருவது ஒரு காரணம். இதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் தெரியும். கடிதம் எழுதிய பிள்ளைகளில் ஒருவருக்காவது தெரியுமா? வரவு எவ்வளவு, எந்தத் தலைப்பில் வந்தது, அதில் சம்பளத்துக்கு எவ்வளவு போகலாம் என்று ஒரே தாளில் எழுதி அவர்களிடம் கொடுங்கள். கணக்கைக் காட்டாத இடத்தில் ஆளுக்கொரு கணக்கைக் கற்பனை செய்வார்கள். அது எப்போதும் உண்மையான கணக்கைவிடப் பெரியதாகவே இருக்கும். அந்த இடைவெளி விஷயத்துக்கு மட்டும் என்னிடம் நியாயம் கேட்காதீர்கள். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) வேண்டிய தொடர் பணி சேரக்கூடாது என்று செய்கிற தந்திரம் அது. உங்கள் தணிக்கையாளர் சொல்லித்தான் செய்திருப்பீர்கள், எனக்கும் அந்த ஆட்களைத் தெரியும்.

காசு செலவில்லாத வேலைகளை இந்த மாதமே முடித்துவிடுங்கள். ஞாயிறுக்கு ஈடு விடுப்பு. அப்புறம், ‘வாடி போடி’ ஆளைப் பற்றிச் சொல்ல ஓர் இடம். பத்துப் பேர், அதற்கு மேல் இருந்தால் உள்ளகப் புகார்க் குழு வைத்தே ஆகவேண்டும் என்று பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம் சொல்கிறது. மூத்த பெண் பணியாளர் தலைவர், உறுப்பினர்களில் குறைந்தது பாதி பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். கிராமப் பெண்களுக்கு இதே சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பதாக உங்கள் ஆண்டறிக்கையில் படத்தோடு போட்டிருக்கிறீர்கள். உங்கள் அலுவலகச் சுவரில் அந்தக் குழுவின் பெயர்ப் பட்டியல் இருக்கிறதா?

கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். எந்தக் கிராமத்தில் வேலை, யாரிடம் நிதி வாங்குவது எல்லாவற்றையும் பணியாளர் ஓட்டெடுப்பில்தான் தீர்மானிக்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள் முகநூலில் பகிரங்க மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இரண்டுக்கும் ‘முடியாது’ என்றே சொல்லலாம். வருமான வரி நோட்டீஸ் வந்தால் பதில் சொல்லப் போவது அறங்காவலர்கள், ஓட்டுப் போட்டவர்கள் இல்லை. காரணத்தோடு முடியாது என்று சொன்னால் கொஞ்ச நாள் கோபம் இருக்கும். ‘பரிசீலிக்கிறோம்’ என்று இழுத்தீர்களானால் அடுத்த கடிதம் எட்டுப் பக்கத்துக்கு வரும். ஒடுக்குகிறவள் என்ற பட்டத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. சைக்கிள் கதையைப் பதிலில் சேர்க்கவும் வேண்டாம். அதை அவர்கள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள்.

*

எங்கள் குளப் பாதுகாப்புக் குழுவில் தலைவர், செயலாளர் யாரும் கிடையாது. எல்லோரும் சமம், எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. கூட்டம் நள்ளிரவு வரை போகிறது. யாராவது மாற்றுக் கருத்துச் சொன்னால் ‘நீ அதிகார மொழியில் பேசுகிறாய்’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இரண்டு பெண்கள் விலகிவிட்டார்கள். சமத்துவக் கொள்கையை விடவும் மனமில்லை.
— இளைஞர், கோவை

தலைவர் இல்லை என்று யார் சொன்னது, தம்பி? வாட்ஸ்ஆப் குழுவுக்கு அட்மின் யார்? நன்கொடை யாருடைய ஜிபே எண்ணுக்கு வருகிறது? மாநகராட்சி அதிகாரி ஏதாவது என்றால் யாருக்குப் போன் போடுகிறார்? அவர்தான் தலைவர். பதவிக்குப் பெயர் இல்லாததால் அவரை மாற்றத்தான் வழியில்லை.

அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்துக்குள் ஜோ ஃப்ரீமன் என்பவர் 1970-லேயே இதைப் பேசியிருக்கிறார். அமைப்பே இல்லாத குழு என்று உலகத்தில் எதுவும் கிடையாது. விதிகளை எழுதி வைக்காவிட்டால் நண்பர்கள் வட்டம் முடிவெடுக்கும், வட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு முடிவு எப்படி வந்தது என்றே தெரியாது என்பது அவர் வாதம். சந்தேகம் இருந்தால் விலகிய அந்தப் பெண்களிடம் கேளுங்கள். கூட்டம் முடிந்தபின் டீக்கடையில் என்ன தீர்மானமானது என்று சொல்வார்கள்.

2017 ஜனவரியில் மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். தலைவர் முகம் இல்லை என்பதுதான் அந்தக் கூட்டத்தின் பலம். கட்சிக்காரர்களை ஓரமாக நிற்க வைத்தது அதுதான். 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. போதாது, நிரந்தரச் சட்டம் வேண்டும் என்றார்கள். 23-ஆம் தேதி காலையில் போலீஸ் அப்புறப்படுத்தத் தொடங்கியது, அதே நாளில் சட்டமன்றத்தில் மசோதாவும் நிறைவேறியது. நடுவில், கலைவதா இருப்பதா என்று அத்தனை பேர் சார்பாகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மைக் கிடைத்த ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அவ்வளவு பேர் சேர்வதற்குத் தலைவர் தேவைப்படவில்லை, கலைவதற்குத் தேவைப்பட்டார்.

உங்கள் குளத்துக்குச் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருவர் ஒருங்கிணைப்பாளர், இன்னொருவர் பொருளாளர். அப்புறம் ஆள் மாறவேண்டும். பணம் குழுவின் பெயரில் வங்கியில் இருக்கட்டும், எடுக்க இரண்டு கையெழுத்து. குழுவின் நோக்கத்தை மாற்றுவதற்கும் பெரிய செலவுக்கும் மட்டும் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், மற்றதெல்லாம் பெரும்பான்மை. கூட்டம் எட்டரைக்கு முடிய வேண்டும். நள்ளிரவு வரை உட்கார முடிகிறவர்களின் சமத்துவத்தில் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களுக்குப் பங்கு கிடைக்காது. ‘அதிகார மொழி’ என்று யாராவது சொன்னால் கோபப்படாமல் ஒன்று கேளுங்கள்: எந்த முடிவை, யாரைக் கேட்காமல் எடுத்தேன்? பதில் வந்தால் திருத்திக்கொள்ளுங்கள். வராவிட்டால் குளத்தைப் பற்றி மேலே பேசுங்கள்.

*

பட்டியலினப் பெண் நான். ஓர் உரிமை அமைப்பில் பல வருடமாக வேலை. நிதி கொடுப்பவர்கள் வந்தால் என்னை முன்வரிசையில் உட்காரவைத்து ‘வாழ்ந்த அனுபவம்’ பேசச் சொல்கிறார்கள். பட்ஜெட் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. இன்னொன்று, நான் எது சொன்னாலும் யாரும் மறுப்பதில்லை. தப்பாகச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். அதுவும் அவமானமாக இருக்கிறது.
— திருநெல்வேலி

முதல் குறையைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டாவதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

முதலாவது சுலபம். ஒரு நிறுவனத்தில் யாருக்கு அதிகாரம் என்று தெரிந்துகொள்ள நான் ஆண்டறிக்கையைப் பார்ப்பதில்லை. வங்கிக்குக் கொடுத்த மாதிரிக் கையெழுத்து அட்டையைப் பார்ப்பேன். ஆண்டறிக்கை அட்டையில் எல்லாச் சமூகத்துப் பெண்களும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கையெழுத்து அட்டையில் நிறுவனர், நிறுவனரின் மனைவி, மச்சினர். பட்ஜெட் குழுவில் இடமும், உங்கள் திட்டக் கணக்கில் காசோலைக் கையெழுத்தும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். ‘எங்கள் சமூகத்துக்குப் பிரதிநிதித்துவம்’ என்று கேட்டால் மேடையில் இன்னொரு நாற்காலி போட்டு முடித்துவிடுவார்கள். இத்தனை வருடம் இந்தத் திட்டத்தை ஓட்டியவள் நான், செலவை நான் ஒப்புதல் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த தடவை நிதியாளர் வந்தால், அனுபவம் பேச மாட்டேன், திட்டத்தைப் பற்றி வேண்டுமானால் பேசுகிறேன் என்று சொல்லுங்கள். அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.

இரண்டாவதற்கு வருவோம். அவர்கள் தலையாட்டுவது மரியாதையால் இல்லை, பயத்தால். மறுத்தால் தன் மேல் ஒரு முத்திரை விழும் என்ற பயம். உங்களுடைய யோசனையை அவர்கள் படிப்பதே இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம். சாதி ஒருவருக்கு என்ன காட்டியிருக்கிறது என்பதை மற்றவர்கள் கேட்டே ஆகவேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாணவியர் விடுதியைப் பாளையங்கோட்டையில் வைப்பதா சங்கரன்கோவிலில் வைப்பதா என்பதற்குப் பஸ் நேரமும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் வேண்டும். அந்தக் கணக்கில் யாருடைய பிறப்பும் விடை சொல்லாது. பிறப்பை வைத்தே காரியம் சாதிக்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், எல்லாச் சாதியிலும்! உங்கள் யோசனையை ஒரு பக்கத்தில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு குறை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். முதல் தடவை வெறும் காற்புள்ளித் திருத்தமாக வரும். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு உண்மையான சண்டை வரும். அன்றைக்குத்தான் நீங்கள் சக ஊழியர் ஆகிறீர்கள்.

*

அம்பத்தூர் எஸ்டேட்டில் தொழிற்சங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது வரும் பிள்ளைகள் சாதி, பாலினம் என்று பிரித்துப் பேசுகிறார்கள். தொழிலாளி என்றால் போதாதா? பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா?
— தோழர், சென்னை

வயிறு நிறையாது, தோழர். 2020-இல் துப்புரவுப் பணியாளரை அரசு ‘தூய்மைப் பணியாளர்’ ஆக்கியது. 2025 ஆகஸ்டில் அதே தூய்மைப் பணியாளர்கள், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து, சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் பகலும் இரவும் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. புதுப் பெயரோடுதான் வண்டியில் ஏற்றினார்கள்.

இந்தப் பாதியில் உங்களோடு நிற்கிறேன். மறு பாதியில் இல்லை. அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர், எந்தச் சமூகங்களிலிருந்து வந்தவர்கள் என்று பாருங்கள். ‘தொழிலாளி’ என்று மட்டும் எழுதினால் குப்பை வேலைக்கு ஏன் தலைமுறை தலைமுறையாக அதே தெருக்களிலிருந்து ஆள் வருகிறது என்பது கணக்கில் விழவே விழாது. உங்கள் சங்கத்தில் எப்போதாவது ஒரு பெண் பொதுச்செயலாளராக இருந்தாரா? காண்டிராக்ட் ஆட்களுக்கு உறுப்பினர் அட்டை கொடுத்தீர்களா? சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விடவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்பதும் அதே மாநாட்டில்தான். முதலாவதை நினைத்தவர் மறுநாளே செய்யலாம், பைசா செலவில்லை. இரண்டாவது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 ஆயிற்று. இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தன என்பதைத்தான் உங்கள் சங்கத்துக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அவர்களிடம் முதல் வகைத் தீர்மானம் ஏராளமாக இருக்கிறது. இரண்டாவது வகைக்குக் கோரிக்கை மனு எழுதுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கற்றுக்கொடுங்களேன்.

*

இங்கே அமெரிக்காவில் 2020-க்குப் பிறகு முற்போக்கு அமைப்புகள் பலவற்றில் உள்சண்டையிலேயே வேலை நின்றது. நான் தன்னார்வலராக இருந்த அமைப்பிலும்தான். தமிழ்நாட்டுக்கும் இது வருமா?
— நியூஜெர்சி வாசகர்

வந்துவிட்டது, மேலே இருக்கும் கடிதங்களைப் பாருங்கள். ஆனால் அங்கே நடந்ததை இங்கே அப்படியே போட்டுப் பார்க்க முடியாது.

அங்கே 2020 மே 25-இல் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு, தெருவில் கேட்ட கேள்வியை ஊழியர்கள் தம் அலுவலகத்துக்குள்ளும் கேட்டார்கள். கொரோனா காலம், எல்லோரும் வீட்டுத் திரையில். எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துத் தீர்த்திருக்க வேண்டியதெல்லாம் எழுத்தில் ஏறியது. மாரிஸ் மிட்செல் என்று ஒருவர், உழைக்கும் குடும்பங்கள் கட்சி என்ற இடதுசாரி அமைப்பின் தலைவர், கறுப்பர் இயக்கத்திலிருந்து வந்தவர். 2022 நவம்பரில் இதைப் பற்றி நீளமாக எழுதினார். ஒருவருடைய அடையாளத்தையே அவர் சொல்லும் உத்திக்குச் சான்றாக வைப்பது, எல்லாத் தலைமையையும் சந்தேகிப்பது, வெளியே இருக்கும் எதிரியை விட்டுவிட்டு உள்ளேயே சின்னப் போர் நடத்துவது என்று பட்டியல் போட்டார். உள்ளே நிற்பவர் சொன்னதால் எரிச்சலோடாவது கேட்டார்கள். நிர்வாகம் தப்பே செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பகுதியை விட்டுவிட்டு மேற்கோள் காட்டும் மேலாளர்களை நம்ப வேண்டாம்.

எனக்கு அதிகம் உறைத்தது அதற்குப் பிந்தைய கதை. 2020-இல் பன்முகத்தன்மை, எல்லோரையும் உள்ளடக்குதல் என்று கம்பெனிகள் பெரிய அறிக்கை விட்டன. 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடி ஜனாதிபதியாக வந்ததும் அரசு அலுவலகங்களில் அந்தத் திட்டங்களை மூட உத்தரவு போட்டார். மெட்டா அதற்குச் சில நாள் முன்பே தானாக நிறுத்தியது. பிப்ரவரியில் கூகுளும் ஆள் எடுப்பதற்கான இலக்குகளைக் கைவிட்டது. ஐந்து வருடம்கூடத் தாங்கவில்லை.

இங்கே சென்னை மாகாணத்தில், அரசு வேலையைச் சாதி, மதப் பிரிவுகளுக்குப் பங்கிடும் வகுப்புவாரி ஆணை 1921-இல் வந்தது. முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது அதை எண்ணாக்கினார்கள்: அரசு வேலை 12 என்றால் இந்தப் பிரிவுக்கு 5, அந்தப் பிரிவுக்கு 2 என்று. 1951-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அந்த வருடமே அரசமைப்பைத் திருத்தினார்கள். 69 சதவீத இடஒதுக்கீட்டுக்கு 1993-இல் தனிச் சட்டம், அதைக் காப்பாற்ற 1994-இல் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் இடம். இன்றைக்கும் வழக்கு வருகிறது, வாதாடுகிறார்கள், நிற்கிறது. எண்ணாக எழுதியதை எடுக்க வேண்டுமென்றால் யாராவது நேருக்கு நேர் வந்து ‘இந்த 5-ஐ 3 ஆக்குகிறேன்’ என்று சொல்ல வேண்டும். ‘எல்லோரையும் உள்ளடக்கும் பண்பாடு’ என்று எழுதியதை இணையதளத்திலிருந்து ஒரு மதிய வேளையில் எடுத்துவிடலாம். உங்கள் அமைப்பு மறுபடி கூடினால் எண்ணிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்: எத்தனை பேர் வேலையில், யாருக்கு என்ன சம்பளம், யார் விலகினார்கள். அப்படியும் சண்டை வரும்; ஆனால் எதைப் பற்றி என்று தெரியும்.

*

பால்புதுமையினருக்கு ஆதரவாக ஜூன் மாதம் கம்பெனி லோகோவை வானவில் நிறத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள் எங்கள் இளைஞர்கள். மாற்றலாமா?
— மனிதவள மேலாளர், ஓ.எம்.ஆர்.

தாராளமாக. அதற்கு முன்னால் மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் ‘துணை’ என்ற கட்டத்தில் யார் பெயரை எழுத விடுகிறீர்கள் என்று பாருங்கள். ஏஜென்சி மூலம் வந்து உங்கள் தளத்தைத் துடைக்கும் திருநங்கையின் அடையாள அட்டையில் எந்தப் பெயர் இருக்கிறது? தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லியாயிற்று. அட்டையை மாற்ற ஒரு லேமினேஷன் செலவுதான்.

*

எங்கள் அலுவலகத்தில் எட்டுப் பேர்தான். நிறுவனரே எல்லை மீறிப் பேசுகிறார். வெளியே அவர் பெண்ணுரிமைப் பேச்சாளர். ‘உள்ளகப் புகார்க் குழு நமக்குப் பொருந்தாது, பத்துப் பேர் இல்லையே’ என்கிறார். சட்டம் அவ்வளவுதானா?
— பெயர் வேண்டாம்

இல்லை. பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலும், புகார் முதலாளி மீதே என்றாலும், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். கலெக்டர் அலுவலகத்திலோ மாவட்டச் சமூக நல அலுவலகத்திலோ விசாரித்தால் யாரிடம் கொடுப்பது என்று சொல்வார்கள். நீங்கள் ஒப்பந்தப் பணியாளரா, பயிற்சிக்கு வந்தவரா, சம்பளமில்லாத் தன்னார்வலரா என்பது தடையில்லை. சட்டம் எல்லோரையும் சேர்த்திருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டித் தருவார்கள். அவருடைய மேடைப் பேச்சைப் பற்றி மனுவில் ஒரு வரிகூட வேண்டாம். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர் யார், இவற்றை மட்டும் எழுதுங்கள். வாட்ஸ்ஆப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள், படம் எடுத்து வேறு ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.